கழுகுக்கு எதற்குக் காவல்?

அன்புள்ள ஐயா,

ஸ்காட்லாந்தின் மல் தீவில் வெண்வால் கழுகுகளுக்கு ஊர்க்காரர்கள் காவல் இருப்பதைப் பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். சுவையாக இருந்தது, ஒப்புக்கொள்ளத்தான் முடியவில்லை. மரக்குடிலில் உட்கார்ந்து தொலைநோக்கியில் கூட்டைப் பார்த்துக்கொண்டே ஃபிளாஸ்க்கிலிருந்து தேநீர் ஊற்றிக் குடிப்பதெல்லாம் இயற்கைப் பாதுகாப்பா? கழுகு லட்சக்கணக்கான ஆண்டுகளாகக் காவல்காரன் இல்லாமல்தானே வாழ்ந்தது? ஓய்வுபெற்ற வெள்ளைக்காரர்களின் பொழுதுபோக்குக்குத் தொண்டு என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். வேலை தெரிந்த அரசுத் துறையிடம் விட்டுவிடலாமே.

இன்னொன்று. எங்கள் தாத்தா காலத்தில் செத்த மாட்டை ஊருக்கு வெளியே போட்டால் பிணந்தின்னிக் கழுகுகளான பாறுகள் வந்து இறங்குமாம். இன்று தாராபுரம் பக்கம் ஒன்றுகூடக் கிடையாது. ஹரியானாவில் கூண்டில் வைத்து வளர்க்கிறார்களே, அவற்றில் பத்து இருபதைக் கொண்டுவந்து இங்கே விட்டால் என்ன? காவலுக்கு நானே வருகிறேன்.

ம.செ., தாராபுரம்

அன்புள்ள ம.செ.,

காவல் எதற்கு என்று தொடங்கி, காவலுக்கு நானே வருகிறேன் என்று முடித்திருக்கிறீர்கள். உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கழுகு காவல் இல்லாமல்தான் வாழ்ந்தது. அது எப்படி இல்லாமல் போனது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். பிரிட்டனின் வெண்வால் கழுகைக் கொள்ளை நோய் கொண்டுபோகவில்லை. ஆட்டுக்குட்டியைத் தூக்குகிறது என்று மேய்ப்பவர்கள் நஞ்சு வைத்தார்கள். வேட்டைத் தோட்டங்களின் காவலாளிகள் சுட்டார்கள். பறவை அரிதாக அரிதாக அதன் முட்டைக்கு மதிப்பு ஏறியது. சேகரிப்பவர்கள் கூடுகளைத் தேடிப் போனார்கள். 1916இல் ஸ்கை தீவில் கடைசிக் கூடு. இரண்டே ஆண்டுகளில் ஷெட்லாந்தில் எஞ்சியிருந்த ஒன்றும் சுடப்பட்டது. இதைச் செய்த யாரும் கொடியவர்கள் இல்லை. அக்கம்பக்கத்து மனிதர்கள், அவரவர் நியாயத்தோடு செய்தார்கள். ஆகவே அந்த அக்கம்பக்கம் மனம் மாறாமல் பறவையைக் கொண்டுவந்து விடுவதில் பொருளே இல்லை. காவல் என்று நான் எழுதியது இதைத்தான்.

திரும்பக் கொண்டுவர 1959இலும் 1968இலும் முயன்றார்கள். மூன்று பறவை, நான்கு பறவை என்று விட்டார்கள், நிலைக்கவில்லை. 1975இல் ரம் தீவில் பெரிதாகத் தொடங்கினார்கள். நார்வேயின் கூடுகளிலிருந்து எடுத்த குஞ்சுகள் பிரிட்டிஷ் விமானப்படையின் விமானத்தில் வந்து இறங்கின. பத்து ஆண்டுகளில் 82 பறவைகள். நம் கடற்கரையில் காண்கிற வெண்வயிற்றுக் கடற்கழுகுக்கு இது ஒன்றுவிட்ட அண்ணன். உருவத்தில் பெரியது, சிறகை விரித்தால் எட்டு அடி போகும். பருவத்துக்கு வரவே ஐந்து ஆண்டுகள் ஆகும். அதற்குள் பல செத்துப்போகும். மிஞ்சியவை இணை சேர்ந்து, முட்டையிட்டு, முதல் முயற்சிகளில் தோற்று, ஒருவழியாக மல் தீவில் ஒரு குஞ்சு கூட்டைவிட்டுப் பறந்தபோது 1985 ஆகிவிட்டது.

பத்தாண்டு உழைப்புக்கு ஒரு குஞ்சு. அந்தக் கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டு அந்தக் குடிலுக்கு வாருங்கள். அன்றைக்கு ஒரு கூடு போவது என்றால், ஒரு நாட்டின் அந்த ஆண்டு வரவே போவது என்று பொருள்.

வழக்கமாக இரண்டு முட்டைகள். வெளிறிய வெள்ளை, புள்ளி கோடு எதுவும் கிடையாது, பார்ப்பதற்கு அழகென்றும் சொல்ல முடியாது. பெட்டையும் சேவலும் மாறி மாறி முப்பத்தெட்டு நாள் அடைகாக்க வேண்டும். ஸ்காட்லாந்தின் மார்ச், ஏப்ரல் மாதங்களில் மழை கிடைமட்டமாக அடிக்கும், ஆலங்கட்டியும் விழும். ஆள் நெருங்கினால் பறவை எழுந்துவிடும். கொஞ்ச நேரம் திறந்து கிடந்தாலே முட்டை குளிர்ந்து உள்ளே இருக்கும் கரு செத்துவிடும். திருடன்தான் வர வேண்டும் என்பதில்லை. நல்ல படம் ஒன்று எடுத்துவிட்டுப் போகலாம் என்று பத்தடி கூடுதலாக நடந்துவரும் புகைப்படக்காரரே போதும். அங்கே உரிமம் இல்லாமல் இந்தக் கூட்டுக்கு இடையூறு செய்வதே குற்றம்.

திருடர்களும் வந்தார்கள். முட்டை எடுப்பது 1954 முதல் சட்டப்படி குற்றமாக இருந்தும் வந்தார்கள். இவர்கள் விற்பதற்காக எடுப்பவர்கள் அல்லர் என்பதுதான் விந்தை. ஓட்டில் சிறு துளையிட்டு உள்ளிருப்பதை வெளியேற்றிவிட்டு, வெறும் ஓட்டைப் பஞ்சு விரித்த இழுப்பறையில் அடுக்கி வைத்துக்கொள்வார்கள். வெளியே காட்டவும் முடியாது. காவல்துறை தேடி வருமே என்று படுக்கைக்கு அடியில் ஒளித்து வைத்தவர்களும் உண்டு. லண்டன்காரர் ஒருவர் திரும்பத் திரும்பப் பிடிபட்டதால், கூடுகட்டும் பருவத்தில் ஸ்காட்லாந்துக்குள்ளேயே காலெடுத்து வைக்கக்கூடாது என்று நீதிமன்றம் தடைபோட்டது. இப்படிப்பட்ட ஒருவர் விடிகாலை மூன்று மணிக்குக் கயிறும் மெழுகுத்துணிப் பையுமாக மரத்தடிக்கு வரும்போது, சம்பளத்துக்கு இருக்கும் அலுவலர் எத்தனை கூடுகளின் அடியில் நிற்க முடியும்? தொடக்க ஆண்டுகளில் இரவும் பகலும் முறைவைத்துக் காத்தது அதனால்தான். மல் ஒரு தீவு என்பதும் துணைக்கு வந்தது. வருகிறவரும் போகிறவரும் படகைப் பிடித்தாக வேண்டும். தெரியாத வண்டி ஒன்று காட்டுப்பாதையோரம் இரவெல்லாம் நின்றால் அது ஊரின் கண்ணிலிருந்து தப்பாது.

நீங்கள் கேட்ட அரசுத் துறை அங்கே இல்லாமல் இல்லை. 2000இல் தொடங்கிய மல் ஈகிள் வாட்ச் அமைப்பில் வனத்துறை, இயற்கைத் துறை, காவல்துறை, பறவைகள் பாதுகாப்புச் சங்கமான ஆர்.எஸ்.பி.பி., தீவின் சமுதாய அறக்கட்டளை எல்லாம் பங்காளிகள். அவர்கள் செய்த காரியத்தில் எனக்கு மிகவும் புத்திசாலித்தனமாகப் படுவது ஒன்று உண்டு. அரிய பறவையின் கூடு என்றால் இடத்தை மறைத்து வைப்பதுதான் எங்கும் வழக்கம். இவர்கள் ஃபிரிசா ஏரிக் கரையில் ஒரு கூட்டை எல்லோருக்கும் காட்டினார்கள். தொலைவில் குடில் போட்டு, தொலைநோக்கி வைத்து, கட்டணம் வாங்கிக்கொண்டு, ஆளை உடன் நிறுத்திக் காட்டினார்கள். பார்க்கும் ஆசையோடு படகேறி வருகிறவர் இங்கே வந்து பார்த்துவிட்டால், மற்றக் கூடுகளைத் தேடிக் காட்டுக்குள் அலையமாட்டார் அல்லவா? அந்தக் கூட்டின் இணைக்கு ஸ்கை, ஃபிரிசா என்று பெயர் வைத்தார்கள். பள்ளிப் பிள்ளைகள் இந்தப் பெயர்களைச் சொல்லி நலம் விசாரித்தார்கள். பெயருள்ள கழுகை நஞ்சு வைத்துக் கொல்வது, பெயரில்லாததைக் கொல்வதுபோல அத்தனை எளிதில்லை.

தேநீர் குடிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். குடிக்கட்டும். ஈர விறகுபோல உறைந்து நான்கு மணிநேரம் உட்கார்ந்திருப்பவருக்கு அதுவும் இல்லையென்றால் எப்படி? அவர் குறிப்பேட்டில் எழுதுவது: எத்தனை மணிக்கு அடை மாறியது, இரையாக வந்தது மீனா முயலா, குஞ்சு ஒன்றா இரண்டா, எந்தத் திசையில் யார் நடந்து போனார். பல ஆண்டுக் குறிப்புகள் சேர்ந்தால், இந்தப் பறவை உண்மையில் என்ன தின்கிறது என்று ஆட்டுக்காரரிடம் பேச நம் கையில் ஏதாவது இருக்கும்.

ஆட்டுக்காரரை விட்டுவிட்டு இதைப் பேசக்கூடாது. குட்டியைப் பறிகொடுத்த மேய்ப்பரிடம் போய், அது செத்த குட்டியாகத்தான் இருந்திருக்கும் என்று நகரத்துப் பறவை ஆர்வலர் சொன்னால் எனக்கே கோபம் வரும். கழுகு இறந்ததையும் தின்னும், நோஞ்சானையும் தூக்கும், சில இடங்களில் நல்ல குட்டியையும் தூக்கும். நேச்சர்ஸ்காட் என்கிற அரசு அமைப்பு இதற்கென்றே ஒரு திட்டம் வைத்துக்கொண்டு மேய்ப்பவர்களுக்குப் பண உதவி செய்கிறது. போதாது என்கிறார்கள், அவர்கள் சொல்வதில் நியாயம் உண்டு. மறுபக்கம், கழுகைப் பார்க்க வருவோரால் மல் தீவுக்கு ஆண்டுக்கு 50 லட்சம் பவுண்டு வரை வருகிறது என்று 2011இல் ஆர்.எஸ்.பி.பி. கணக்குக் காட்டியது. அந்தப் பணம் விடுதிக்காரருக்கும் படகுக்காரருக்கும் போகிறது. குட்டியை இழந்தவர் கைக்கு நேராக வருவதில்லை. சண்டையின் வேரே அங்குதான் இருக்கிறது. கழுகை வெறுப்பதாலோ நேசிப்பதாலோ அது தீராது.

ஊர் சேராத இடத்தில் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2007 முதல் 2012 வரை கிழக்கு ஸ்காட்லாந்தில் 85 பறவைகளை விட்டார்கள். 2013இல் ஃபைஃப் பகுதியில் ஒரு குஞ்சு பறந்தது. கிழக்குக் கரையில் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பிறகு முதல் குஞ்சு. அதே 2013இல்தான் ஆங்கஸ் பகுதியில் கழுகு இணை ஒன்று கூடு கட்டியிருந்த மரத்தையே யாரோ வெட்டிச் சாய்த்தார்கள். பறவையும் சட்டமும் மல்லிலும் ஆங்கஸிலும் ஒன்றுதான், ஊர்தான் வேறு.

இனி உங்கள் பாறுகள். பத்து இருபதைக் கொண்டுவந்து விட்டால் என்ன என்கிறீர்கள். அவை செத்துப்போகும், அதுதான் என் பதில். எது ஓர் உயிரை அழித்ததோ அது ஒழியும்வரை அதைத் திரும்ப விடக்கூடாது என்பது இந்தத் துறையின் முதல் விதி. நம் பாறுகளைச் சுட்டவர் யாரும் இல்லை, கூடு கலைத்தவரும் அதிகம் இல்லை. மாட்டுக்கு வலி தீரப் போட்ட டைக்ளோஃபினாக் ஊசிதான் அழித்தது. மருந்தேறிய மாடு செத்து, அதைத் தின்ற பாறு சிறுநீரகம் கெட்டுச் செத்தது. 2006இல் கால்நடைகளுக்கு அதைத் தடை செய்தார்கள். மனிதருக்கான பெரிய குப்பிகளை வாங்கி மாட்டுக்குப் போட்டதால் 2015இல் அந்தக் குப்பிகளையும் நிறுத்தினார்கள். அதே வேலையைச் செய்த கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபினாக் இரண்டுக்கும் 2023இல் தடை வந்தது. தமிழ்நாட்டில் மோயாறு பள்ளத்தாக்கில் காட்டுப் பாறுகள் இன்னும் உயிரோடு கூடு கட்டுகின்றன. இருப்பதைக் காப்பாற்றாமல் கூண்டிலிருந்து கொண்டுவருவதைப் பற்றிப் பேச எனக்கு மனம் வரவில்லை.

காவலுக்கு வருகிறேன் என்றீர்கள். உங்களுக்கு மோயாறு வரை பயணம் வேண்டாம், தொலைநோக்கியும் வேண்டாம். காங்கேயம் மாடுகளின் நாட்டில் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் மருந்துக்கடைகளில் மாட்டுக் காய்ச்சலுக்கும் வீக்கத்துக்கும் என்ன ஊசி கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். பாறுகளுக்குக் கேடு செய்யாத மெலாக்ஸிகாம், டோல்ஃபெனாமிக் அமிலம் இரண்டும் கிடைக்கின்றனவா, விலை எவ்வளவு, கால்நடை மருத்துவர் எதை எழுதுகிறார் என்றும் பாருங்கள். நான்கு கடைகளில் கேட்டு எனக்கு எழுதுங்கள், வெளியிடுகிறேன்.

அன்புடன்.