பள்ளி விழாவுக்கு நாடகம் போட வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளைகளுக்கு ஆரோக்கியம் சொல்லும் நாடகம், கொட்டாவி வராமல் எழுத முடியுமா?

முடியும். ஐஸ்லாந்தில் 1996-லேயே செய்து காட்டிவிட்டார்கள். 'ஆஃப்ரம் லாட்டிபைர்' என்ற இசை நாடகம். 'கிளம்பு, சோம்பேறியூரே!' என்று வைத்துக்கொள்ளலாம். 'லேஸி டவுன்' என்ற தொலைக்காட்சித் தொடருக்கு விதை இதுதான்.

எழுதியவர் மாக்னுஸ் ஷெவிங். 1994-லும் 1995-லும் ஏரோபிக்ஸில் ஐரோப்பிய சாம்பியன். முதலில் அதே பெயரில் புத்தகம் போட்டார், அடுத்த வருடமே அது தலைநகர் ரெய்க்யவிக்கில் மேடை ஏறியது. ஊரை உசுப்பிவிட வரும் விளையாட்டுக் குட்டிச்சாத்தான் வேடத்தில் அவரே குட்டிக்கரணம் போட்டார். இசை மானி ஸ்வாவர்சன். அந்த மெட்டுகளில் சில பிறகு தொடரிலும் வந்தன.

எனக்கு இந்த முதல் நாடகத்தை ரொம்பப் பிடிக்கக் காரணம், அதில் வில்லனே கிடையாது. பிள்ளைகளின் பழக்கம்தான் பிரச்சினை. சிக்கி என்ற பையன் மிட்டாயை விடமாட்டான். நென்னி கஞ்சன், எதைத் தொட்டாலும் 'என்னுது' என்பான். ஹல்லாவுக்கு யாரையாவது வம்புக்கு இழுக்காவிட்டால் தூக்கம் வராது. கோகி கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்க மாட்டான். தொடரில் பிங்க் உடையில் துள்ளிக்கொண்டே இருக்கும் ஸ்டெஃபனி இருக்கிறாளே, அவளுடைய மூல வடிவம் ஸொல்லா. நாடகத்தில் அவள் குனியக்கூட முடியாத, உடம்பு விறைத்த பெண்! எனக்கு இவள்தான் உசத்தி. முடியாதவள் முயற்சி செய்வதைப் பார்த்தால்தான் கீழே உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கும் 'நானும் செய்து பார்க்கலாமே' என்று தோன்றும்.

வில்லன் கிளான்னி 1999-இல் வந்த இரண்டாவது நாடகத்தில்தான் நுழைகிறான். ஸ்டெஃபான் கார்ல் ஸ்டெஃபான்சன் நடித்தார், தொடரின் வில்லன் ராபி ராட்டனும் அவரேதான். அபாரமான நடிகர், 2018-இல் புற்றுநோயில் போய்விட்டார். அவர் வந்ததும் கதைக்குக் களை கட்டியது, மறுக்கவில்லை. ஆனால் கெடுதல் எல்லாம் வெளியிலிருந்து வருகிற மாதிரி ஆகிவிட்டது.

சரி, உங்கள் பள்ளி விழா நாடகத்துக்கு வருவோம். உங்கள் வகுப்பிலேயே ஒரு சிக்கியும் கோகியும் இருப்பார்கள். அவர்களுக்கே முக்கிய வேடம் கொடுங்கள், இரண்டு நல்ல பாட்டு போடுங்கள். அப்புறம், டாக்டர் வேடத்தில் ஒருவர் வந்து 'கீரை சாப்பிடுங்கள்' என்று சொல்லும் காட்சி வைத்திருந்தால், அதை முதலில் வெட்டிவிடுங்கள்.