சென்னையில் மகளைப் படிக்க வைக்கலாமா: கீழக்கரைத் தந்தையின் கேள்விக்கு

"தினமும் கொலைச் செய்தி வருகிறது" என்று நீங்கள் சொல்வதை மட்டும் காரணமாக வைத்து, சென்னையில் மகளுக்குக் கிடைத்த கல்லூரி இடத்தை விட்டுவிடாதீர்கள்; அந்தச் செய்திகள் நகரின் ஆபத்தை அளப்பவை அல்ல.

உங்கள் அச்சத்துக்குக் காரணம், பெரும்பாலும், ஒரே கண்காணிப்புக் கேமரா காட்சி பல வாட்ஸ்அப் குழுக்களில் வாரக்கணக்கில் சுற்றிவருவதுதான். ஒரு வாரம், வரும் ஒவ்வொரு செய்திக்கும் ஊரையும் தேதியையும் குறித்து வையுங்கள்; பழையவை எத்தனை, வேறு மாநிலத்தவை எத்தனை என்பது தெரிந்துவிடும்.

பிறகு தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் ஆண்டறிக்கையில், 20 லட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் நகரங்களுக்கான அட்டவணையைத் திறந்து, மொத்த எண்ணிக்கையை விட்டு, லட்சம் பேருக்கு எத்தனை வழக்கு என்ற விகிதத்தைப் பாருங்கள். பாம்பனில் ஏற்றும் புயல் கூண்டின் எண்ணைப் பார்த்துத்தானே நாம் கடலுக்குப் போவதை முடிவு செய்கிறோம்.

ஆனால் அது பதிவான வழக்குகளின் கணக்கு மட்டுமே. புகார் கொடுக்கத் தயங்கும் ஊரில் விகிதம் குறைவாகத் தெரியும். மாறாக, 2020-இல் ஊரடங்கு மீறல் வழக்குகளாலேயே பதிவான வழக்குகளின் எண்ணிக்கை உயர்ந்தது. பேருந்தில் நடக்கும் சீண்டல்களில் பல காவல் நிலையம் வரை போவதே இல்லை என்பதால், விடுதிக்கும் பேருந்து நிறுத்தத்துக்கும் இடையிலான தெருவை இரவு எட்டு மணிக்கு மகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள். அந்த விடுதியில் தங்கியிருக்கும் மாணவிகளிடம் மகளையே விசாரிக்கச் சொல்லுங்கள். அவசர உதவிக்கான 112, பெண்கள் உதவிக்கான 181 ஆகிய எண்களும் தமிழ்நாடு காவல்துறையின் 'காவல் உதவி' செயலியும் அவருடைய கைப்பேசியில் இருக்கட்டும்.