இரண்டு லட்சம் கடன் வாங்கி போலோவை ட்யூன் செய்யலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு வயது 29, கோவையில் ஐடி வேலை. கையில் வரும் சம்பளம் 72,000 ரூபாய். கார் லோன் தவணையும் சேர்த்து மாதச் செலவு 45,000, எஸ்ஐபி (மாதாந்திர மியூச்சுவல் ஃபண்ட் முதலீடு) 10,000. அவசரத்துக்கென்று 90,000 வைத்திருக்கிறேன். கார் 2021 ஃபோக்ஸ்வேகன் போலோ 1.0 டிஎஸ்ஐ (டர்போ பெட்ரோல்) மேனுவல், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. எக்ஸ்டெண்டட் வாரண்டி இன்னும் 9 மாதம் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை செட்டிப்பாளையம் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் ஓட்டுவேன். ட்யூனிங் கடையில் வாங்கிய கொட்டேஷன்: ரீமேப் (எஞ்சின் மென்பொருளை மாற்றுவது) 38,000, இன்டேக் (எஞ்சினுக்குக் காற்று போகும் பாகம்) 22,000, கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் (புகையைச் சுத்திகரிக்கும் பாகம்) இல்லாத டவுன்பைப்பும் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்) எக்சாஸ்ட்டும் 70,000, கிளட்ச் 55,000, மூன்று டைனோ டெஸ்ட் (காரை உருளைமேல் ஓட்டிச் சக்தியை அளப்பது) 15,000. ஆக மொத்தம் 2 லட்சம், ஜிஎஸ்டி தனி. எஞ்சின் சக்தி 110 பிஎஸ் (குதிரைத்திறன்) 140 ஆகும் என்கிறார்கள். பெர்சனல் லோன் எடுக்கலாமா?

பதில்: லோன் வேண்டாம். கார் ஆசையை விடச் சொல்லவில்லை, கணக்கை மட்டும் பாருங்கள். "ஜிஎஸ்டி தனி" என்று போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். 18 சதவீதம் சேர்த்தால் 2,36,000. அதை 14 சதவீத வட்டியில் மூன்று வருடக் கடனாக எடுத்தால் தவணை சுமார் 8,066 ரூபாய், கட்டி முடிக்கும்போது 2.90 லட்சம். நீங்கள் மனதில் வைத்திருந்த இரண்டு லட்சம் இப்படித்தான் மூன்றை நெருங்குகிறது. காரை விற்கப் போகும்போது இதில் பெரிய பங்கு திரும்பி வராது. ட்யூன் செய்த கார் என்றாலே, ஓட்டித் தேய்த்த வண்டி என்று விலையைக் குறைத்துக் கேட்பவர்கள்தான் அதிகம்.

கொட்டேஷனில் எனக்குப் பிடித்த ஒரே வரி கடைசியில் இருக்கும் டைனோ. மற்றதெல்லாம் வாக்குறுதி, இது ஒன்றுதான் அளவு. ஆனால் அந்த அளவையும் சரியாகப் படிக்க வேண்டும். கம்பெனி சொல்லும் 110 பிஎஸ் எஞ்சினில் அளந்தது. உருளைமேல் காரை ஏற்றினால் சக்கரத்துக்கு வந்து சேர்வதுதான் தெரியும். கியர்பாக்ஸிலும் டயரிலும் 15 சதவீதம் போனால் 93 சொச்சம்தான் காட்டும். பார்த்துப் பதற வேண்டாம். அதே கணக்கில் அவர்கள் சொல்லும் 140ம் சக்கரத்தில் 119தான். "முன்" என்பதைச் சக்கரத்திலும் "பின்" என்பதை எஞ்சினிலும் காட்டினால், ஒன்றுமே செய்யாமல் 17 பிஎஸ் கூடிவிடும்! டர்போ கார் என்பதால் சூடும் கணக்கில் வரும். காலைக் குளிரில் ஒரு ரன், மதிய வெயிலில் ஒரு ரன் என்றால் அந்த ஒப்பீட்டுக்கு மதிப்பில்லை. ஒரே மெஷின், ஒரே நாள், ஒரே கியர், ஒரே டயர் காற்று, ஒவ்வொரு தடவையும் மூன்று ரன், கூடவே காற்று-எரிபொருள் விகிதத்தின் கிராஃப். இத்தனையும் தருவார்களா என்று கேளுங்கள். தயங்கினால் வேறு கடை பாருங்கள்.

டவுன்பைப்பைக் கொட்டேஷனிலிருந்தே அடித்துவிடுங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றினால் புகைச் சோதனையில் சிக்கல், சட்டத்திலும் சிக்கல். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு மாற்றங்களைக் கட்டுப்படுத்துகிறது. 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ உண்டு. அபராதத்தைவிட எனக்குப் பெரிய பயம் இன்ஷூரன்ஸ்தான். சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி, சொந்தச் சேத க்ளெய்மை மறுக்க அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். உங்கள் பாலிசியில் "பயன்பாட்டு வரம்பு" என்ற பகுதியையும் படியுங்கள். பந்தயம், வேகச் சோதனை இரண்டும் வழக்கமாக அங்கே விலக்கப்பட்டிருக்கும். கரி டிராக்கில் மோதினால் செலவு உங்கள் தலையில்தான். டைனோவில் கார் உருளையை விட்டு விலகினால் யார் பொறுப்பு என்பதையும் கடையிடம் எழுதி வாங்குங்கள். கார் லோன் ஓடுகிறது என்பதால் லோன் ஒப்பந்தத்திலும் மாற்றம் பற்றி என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

அப்புறம் வாரண்டி. ரீமேப் செய்துவிட்டு சர்வீஸுக்குப் போகும்போது பழைய ஃபைலை ஏற்றிவிட்டால் தெரியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஃபோக்ஸ்வேகன் குழுமக் கார்களில் மென்பொருள் மாறியதைக் கண்டுபிடித்தால் டிடி1 என்று குறியிட்டு வைப்பார்கள். அதன்பிறகு எஞ்சின், கியர்பாக்ஸ் க்ளெய்ம் கடினம். நானும் ஒருகாலத்தில் ஆர்எக்ஸ் 100 பைக்குக்கு போர்ட்டிங் (எஞ்சினின் காற்று வழிகளைக் குடைந்து பெரிதாக்குவது) செய்து, மூன்றாம் மாதமே பிஸ்டன் ஜாம் ஆகித் தள்ளிக்கொண்டு வந்தவன்தான். அந்த வயதில் எனக்கு இழக்க வாரண்டி இல்லை, உங்களுக்கு இருக்கிறது.

அதனால் இந்த மாதம் ஒரே ஒரு டைனோ டெஸ்ட் மட்டும் செய்யுங்கள். 5,000, ஜிஎஸ்டியோடு 5,900 ரூபாய். கார் அப்படியே கம்பெனி நிலையில் இருக்கட்டும். டைனோ கிராஃபின் கோடு நடுவில் தடுமாறினாலோ எண் மிகவும் குறைந்தாலோ இக்னிஷன் காயில், பூஸ்ட் (டர்போ காற்று) கசிவு என்று ஏதோ இருக்கும். வாரண்டி உயிரோடு இருக்கும்போதே சர்வீஸ் சென்டரில் காட்டுங்கள். நோயுள்ள எஞ்சினில் ரீமேப் ஏற்றி உடைத்துக்கொள்ளும் செலவு இதில் மிச்சம்.

தவணையாகக் கட்டத் தயாராக இருந்த அந்த 8,066 ரூபாயை 9 மாதம் ஆர்டியில் போடுங்கள். வட்டியை விட்டாலும் 72,594 சேரும். செலவுக்கும் எஸ்ஐபிக்கும் போக மிஞ்சும் 17,000இல் மீதி அவசர நிதிக்கு. இப்போதிருக்கும் 90,000 இரண்டு மாதச் செலவுக்குத்தான் வரும். வாரண்டி முடிந்த பிறகு வெறும் ரீமேப் மட்டும், அதாவது ட்யூனர்கள் ஸ்டேஜ் 1 என்பது. முன்னும் பின்னும் டைனோ சேர்த்து 48,000, ஜிஎஸ்டியோடு 56,640. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவியுங்கள்; அவர்கள் மறுத்தால் இதுவும் வேண்டாம். மிஞ்சும் 15,954 ரூபாயைத் தொடாதீர்கள். 175 நியூட்டன் மீட்டர் டார்க்குக்கு (முறுக்குவிசைக்கு) அமைத்த கிளட்ச் கூடுதல் டார்க்கில் வழுக்கத் தொடங்கினால் அதற்கு ஆரம்பப் பணம் அதுதான். உயர் ஆக்டேன் பெட்ரோல் ஊற்றச் சொல்வார்கள்: லிட்டருக்கு 8 ரூபாய் கூடுதல், மாதம் 1,000 கிலோமீட்டர், மைலேஜ் 12 என்று வைத்தால் வருடத்துக்கு 8,000. இந்தச் செலவு கொட்டேஷனில் எங்கும் இல்லை, கவனித்தீர்களா?