கூட இருப்பவரின் நடை – கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நீடாமங்கலம் பக்கத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. பி.எஸ்சி. உயிர்வேதியியல் முடித்திருக்கிறேன். நீட் தேர்வை இரண்டு முறை எழுதிப் பார்த்து விட்டுவிட்டேன். இப்போது மருத்துவமனை நிர்வாகம் படிக்கலாம் என்று இருக்கிறேன். தஞ்சாவூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் விசாரித்தேன். வேலை நூற்றுக்கு நூறு உறுதி என்கிறார்கள். முன்பணமும் அசல் சான்றிதழ்களும் கேட்கிறார்கள். எம்.பி.ஏ. நல்லதா, எம்.எச்.ஏ. (மருத்துவமனை நிர்வாக முதுகலை) நல்லதா? அஞ்சல்வழியில் படித்தால் மதிப்பு உண்டா? வளைகுடா நாடுகளில் வாய்ப்பு இருக்கிறதா? எனக்கு ஆங்கிலம் சரளமாக வராது. அப்பாவோ, "டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, கணக்குப்பிள்ளை வேலைக்கா இவ்வளவு கடன்?" என்கிறார். சோழர் காலத்திலேயே மருத்துவமனை நடத்திய பெருமை நமக்கு உண்டு என்று சொன்னேன், அவர் கேட்பதாக இல்லை. நீங்கள் ஒரு வழி சொல்லுங்கள்.

ப.

*

அன்புள்ள ப.,

எந்தப் படிப்பு, எந்தக் கல்லூரி என்று கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பதில் எழுதுவதில்லை. அதற்கென்றே ஆட்கள் இருக்கிறார்கள், கட்டணமும் வாங்குகிறார்கள். உங்கள் கடிதம் வந்த நேரம் அப்படி. சித்தப்பாவின் கால் புண்ணுக்காக ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்து ஓய்ந்திருந்தேன். அந்த அலைச்சல் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும்போது, ஆஸ்பத்திரியை நடத்தக் கற்றுக்கொள்ளப் போகிறேன் என்று ஒரு பெண் எழுதினால் எப்படிச் சும்மா இருப்பது?

முதலில் திட்டிவிடுகிறேன். சோழர் பெருமையை அப்பாவிடம் சொன்னீர்களே, அந்தக் கல்வெட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்தீர்களா? நீங்கள் நினைப்பது திருமுக்கூடல் கல்வெட்டாக இருக்க வேண்டும். அது நம் காவிரிக்கரையிலேயே இல்லை. காஞ்சிபுரம் பக்கம் பாலாற்றங்கரையில், வெங்கடேசப் பெருமாள் கோயிலில் இருக்கிறது. வீரராசேந்திரன் காலம், 11-ஆம் நூற்றாண்டு. மேடைதோறும் அதைச் சொல்லிக் கைதட்டு வாங்குகிறவர்கள் வாசித்துப் பார்த்திருந்தால் உங்கள் அப்பாவுக்கான பதில் அதிலேயே இருப்பது தெரிந்திருக்கும். ஆதுலர் சாலையில், அதாவது அந்தக் கால ஆஸ்பத்திரியில், படுக்கை 15. மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்ச இருவர், நோயாளிகளைக் கவனிக்கப் பெண்கள் இருவர். யாருக்கு என்ன ஊதியம், ஓராண்டுக்கு என்னென்ன மருந்து இருப்பு வைக்க வேண்டும், இரவு எரியும் விளக்குக்கு எவ்வளவு எண்ணெய் என்று எல்லாம் அதில் வெட்டியிருக்கிறது. அதை எழுதிக் கொடுத்தவன் ஒரு கணக்குப்பிள்ளைதான் அம்மா! வைத்தியர் கைராசிக்காரராக இருந்திருக்கலாம். விளக்குக்கு எண்ணெய் எங்கிருந்து வரும் என்று எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்ததால்தான் அங்கே இரவில் நோயாளிகள் தங்க முடிந்தது.

நர்ஸ் விஷயமும் அப்படியே. நைட்டிங்கேல் அம்மையார் விளக்கோடு நடந்ததைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். கிரிமியப் போரில் இறந்த சிப்பாய்களில் பெரும்பாலானவர்களைக் கொன்றது காயம் அல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய் என்று 1858-இல் கணக்குப் போட்டு, வரைபடமாக அச்சிட்டு அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே நீட்டியவரும் அவரே. நம் கல்லணையைச் சீர்செய்து மேலணையைக் கட்டிய ஆர்தர் காட்டனின் பக்கம் நின்று, இந்தியாவுக்குப் பாசனம் வேண்டும் என்று இங்கிலாந்தில் வாதாடியவரும் அவர்தான். டெல்டாக்காரர்களில் இதைத் தெரிந்தவர்கள் குறைவு. இது உங்கள் கேள்விக்குச் சம்பந்தமில்லாதது. சொல்லாமல் இருக்க முடியவில்லை.

உங்கள் கேள்விகளில் சிலவற்றைச் சட்டென்று முடித்துவிடலாம். வளைகுடாவைப் பற்றி இப்போது யோசிக்காதீர்கள். நீடாமங்கலத்தில் உட்கார்ந்துகொண்டு துபாய் ஆஸ்பத்திரிக்குத் திட்டம் போடுவது வேண்டாத வேலை. ஆங்கிலம் வந்துவிடும்; வேலை செய்கிற இடத்தில் வராமல் போனவர்களை நான் பார்த்ததில்லை. எம்.பி.ஏ.வா எம்.எச்.ஏ.வா என்பதில் பெரிய வேறுபாடு எதுவும் இல்லை. இரண்டுமே 2 ஆண்டுதான், பாடங்களும் ஏறக்குறைய ஒன்றுதான். தில்லி எய்ம்ஸில் இருக்கும் எம்.எச்.ஏ. மருத்துவம் படித்தவர்களுக்கானது, அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். மும்பை டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தில் எந்தப் பட்டதாரியும் விண்ணப்பிக்கலாம். வேலூர் சி.எம்.சி.யில் பயிற்சி இருக்கிறது. மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனை, ஆஸ்பத்திரி நடத்துவதைக் கற்றுத்தரவே 1992-இல் தனி நிறுவனம் தொடங்கியது. 1976-இல் 11 படுக்கையோடு ஆரம்பித்தவர்கள் அவர்கள். அஞ்சல்வழியில் நீச்சல் படிக்கலாம் என்றால் இதையும் படிக்கலாம்.

அரசு ஆஸ்பத்திரியில் நிர்வாகியாகலாம் என்ற எண்ணம் இருந்தால் இதையும் தெரிந்துகொள்ளுங்கள். நம் மாநிலத்தில் டீன், கண்காணிப்பாளர், நிலைய மருத்துவ அலுவலர் எல்லோரும் மருத்துவர்கள். அலுவலகத்தில் இருப்பவர்கள் தேர்வாணையத்தின் குரூப் 4, குரூப் 2 எழுதி வந்தவர்கள். எம்.பி.ஏ. சான்றிதழைக் காட்டி அந்த வாசலில் நுழைய முடியாது. அதை உங்களுக்குத் தஞ்சாவூர் நிறுவனம் சொல்லியிருக்காது.

இனி நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

நம் பக்கத்தில் ஒரு நோயாளி ஆஸ்பத்திரிக்கு வருகிறார் என்றால் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் படுத்திருப்பார், இன்னொருவர் நடப்பார். பெரும்பாலும் அது மனைவி, இல்லாவிட்டால் மகள். நடவு சமயமானால் வயதான அம்மா. ஓ.பி. சீட்டு போட ஒரு வரிசை, ரத்தப் பரிசோதனைக்கு ஒரு கட்டடம், ஸ்கேனுக்கு இன்னொரு கட்டடம். முடிவுத்தாளை வாங்க மறுபடியும் அங்கே. காப்பீட்டுப் பிரிவுக்குப் போனால் நகல் வேண்டும் என்பார்கள். ஜெராக்ஸ் கடை வாசலுக்கு வெளியே, சாலையைத் தாண்டி. திரும்பி வந்தால் சாப்பாட்டு நேரம். வார்டுக்கு ஓடினால், "எங்கே போனீர்கள், டாக்டர் வந்து கேட்டுவிட்டுப் போய்விட்டார்" என்று நர்ஸ் கோபிப்பார். படுத்திருப்பவரின் நாடித்துடிப்பையும் சர்க்கரையையும் மணிக்கொரு தரம் குறித்துவைக்கிறார்கள். நடப்பவரின் நடையை யாரும் குறிப்பதில்லை. அதற்கு ஒரு பதிவேடு கிடையாது, ஒரு கட்டம்கூடக் கிடையாது. மேட்டூரில் நிறைய இருந்தும் கடைமடைக்கு வராத தண்ணீர் மாதிரி, மருந்து, மருத்துவர், கருவி எல்லாம் உள்ளே இருந்தும் படுக்கைக்கு வந்து சேர்வதில்லை. நடுவில் இருக்கும் தூரத்தை அந்தப் பெண் தன் காலால் அடைத்துக்கொண்டிருக்கிறாள்.

ஆஸ்பத்திரி நிர்வாகம் என்றால் என்னைப் பொறுத்தவரை இந்த நடையைக் குறைப்பது. மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்.

சித்தப்பாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். சர்க்கரைக்காரர். சேற்றுப்புண்ணை அலட்சியம் செய்து, விரல் கறுத்த பிறகுதான் வந்தார். முதலில் சேர்த்தது ஒரு தனியார் மருத்துவமனை. அங்கே டை கட்டிய இளைஞர் ஒருவர் காலையும் மாலையும் வந்து, "எங்கள் சேவைக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?" என்று கேட்பார். பணிவாகத்தான் கேட்பார். வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவர் காலையில் சொன்னார், பில் கைக்கு வந்தபோது விளக்கு வைத்தாகிவிட்டது. மருந்தகம் மீதி மருந்தைத் திரும்ப எடுக்கவில்லை, டிஸ்சார்ஜ் சம்மரி தட்டச்சாகவில்லை என்று ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கைகாட்டினார்கள். நட்சத்திர இளைஞர் அன்று மாலையும் வந்தார். சித்தி அவரைப் பார்த்த பார்வையை எந்தப் பாடத்திட்டத்திலாவது சேர்க்கலாம்.

பணம் கரைந்து புண் ஆறாததால் அரசு ஆஸ்பத்திரிக்கு மாற்றினோம். விரலை எடுக்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் போடலாம் என்றார்கள். 2009-இல் வந்து, 2012-இல் பெயரும் வடிவமும் மாறி, 2018-இல் மத்திய அரசுத் திட்டத்தோடு இணைந்த அதே திட்டம். இப்போது குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. அரசு ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம்தானே, இது எதற்கு என்று சித்தி கேட்டார். காப்பீட்டில் போட்டால் அந்தத் தொகை ஆஸ்பத்திரிக்கு வரும், அதில் கருவியும் மற்ற வசதியும் வாங்கலாம். இதை அவருக்கு யாரும் சொல்லவில்லை, நான்தான் சொன்னேன். காப்பீட்டு மேசையில் சிக்கல். குடும்ப அட்டையில் சித்தப்பாவின் தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறது, ஆதாரில் பின்னால், அதோடு ஒரு எழுத்தும் மாறியிருக்கிறது. முன் அனுமதிக்கு அனுப்பினால் திரும்பி வந்துவிடும் என்றார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் போங்கள், வருமானச் சான்று வாங்குங்கள் என்றார்கள். சித்தி அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டார்.

அந்த மேசைக்குப் பின்னால் இருந்த நடுவயதுக்காரர் எழுந்து வந்தார். சுவரில் தொங்கிய தினசரி நாள்காட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்தார். அதன் பின்பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில், வரிசையாக எழுதினார். முதலில் எந்த அறை, அங்கே யாரைப் பார்ப்பது, என்ன தாள் கேட்பார்கள், எத்தனை மணிக்குச் சாப்பிடப் போவார்கள். "எல்லாவற்றிலும் மூன்று நகல் ஒரே தடவையில் எடுத்துவிடுங்கள் அம்மா, மறுபடி சாலையைத் தாண்ட வேண்டாம்" என்றார். கிராம நிர்வாக அலுவலரின் எண்ணைச் சித்தியிடமே வாங்கித் தானே பேசினார். மறுநாள் மதியத்துக்குள் அனுமதி வந்துவிட்டது. அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். படித்தது பிளஸ் டூ. மருத்துவப் பதிவேடுகள் பிரிவில் பல ஆண்டு கேஸ் ஷீட் அடுக்கி, ஏ.ஆர். காப்பி (விபத்துப் பதிவேட்டின் நகல்) எடுத்துக் கொடுத்தே கற்றுக்கொண்டாராம். எந்தத் தாள் இல்லாமல் யார் திரும்பிப் போனார்கள் என்பது அவருக்கு மனப்பாடம்.

அவரிடம் ஆறு மாதம் உட்காருங்கள் என்று சொல்ல ஆசை. ஆனால் அவர் உங்களுக்குச் சான்றிதழ் தர முடியாது. அதனால் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. படிக்கும்போது ஒவ்வொரு பாடத்தையும் நம் ஊர் மண்ணில் இறக்கிப் பாருங்கள். கையிருப்புக் கட்டுப்பாடு என்று ஒரு பாடம் வரும், சூத்திரங்களும் வரும். இந்த வட்டாரத்தில் அதன் அர்த்தம், அறுவடை நேரத்தில் கட்டுவிரியன் கடித்து வருகிறவனுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் நஞ்சுமுறி மருந்துக் குப்பிகள் இருக்குமா இராதா என்பது. திரவமாக வரும் மருந்து என்றால் குளிர்பெட்டியில் இருக்க வேண்டும், மின்சாரம் போனால் என்ன ஏற்பாடு என்பது. 1994-இல் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைத் தொடங்கி, மருந்தை மொத்தமாக வாங்கி, தரம் சோதித்து, மாவட்டக் கிடங்குகளில் வைத்து, ஒவ்வொரு ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்தார்கள். அதில் உள்ள தொகைக்குள் எது தேவையோ அதை எடுத்துக்கொள்ளலாம். பிற மாநிலங்கள் வந்து பார்த்துவிட்டுப் போன ஏற்பாடு. அந்தப் பாஸ்புக்கில் கணக்கு வைப்பவர் தூங்கினால் பாம்பு கடித்தவன் பாடு என்ன?

பதிவேடுகள் பாடத்தை எல்லோரும் தள்ளிவிட்டுப் போவார்கள், நீங்கள் தள்ளாதீர்கள். உள்நோயாளியின் ஆவணங்களை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும் என்று மருத்துவக் கவுன்சில் 2002-லேயே விதி செய்திருக்கிறது. இதைத் தெரியாத மேலாளர்களை நான் நேரில் பார்த்திருக்கிறேன். சித்தப்பாவின் பழைய ஆவணங்களைக் கேட்டபோது அந்தத் தனியார் மருத்துவமனையில், "எதற்கு, வழக்குப் போடப் போகிறீர்களா?" என்றார்கள். நட்சத்திரம் கேட்டவரைக் காணவில்லை.

நீங்கள் கேட்டதை எங்கேயோ விட்டுவிட்டேன். தஞ்சாவூர் நிறுவனம். போய் ஒன்று மட்டும் கேளுங்கள்: பயிற்சிக்கு எந்த ஆஸ்பத்திரிக்கு அனுப்புவீர்கள், அங்கே எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் உட்கார வைப்பீர்கள்? பதிவேடுகள், காப்பீடு, மருந்துக் கிடங்கு, கழிவு மேலாண்மை என்று பிரித்துச் சொன்னால் மேற்கொண்டு பேசலாம். "அதெல்லாம் கடைசி செமஸ்டரில் பார்த்துக்கொள்ளலாம்" என்றால் பஸ் ஏறி வந்துவிடுங்கள். பட்டம் எந்தப் பல்கலைக்கழகத்தின் பெயரில் வரும் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். நூற்றுக்கு நூறு வேலை என்பதை எழுத்தில் கேட்டுப் பாருங்கள், தர மாட்டார்கள்.

அப்பாவிடம் கோபித்துக்கொள்ள வேண்டாம். கடன் வாங்கி விதை நெல் வாங்குகிறவர் வட்டியைப் பற்றிக் கேட்காமல் வேறு யார் கேட்பார்கள்? அவரை ஒருநாள் திருவாரூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கோ தஞ்சை இராசா மிராசுதார் மருத்துவமனைக்கோ அழைத்துப் போய், புறநோயாளிகள் பிரிவு வாசலில் ஒரு முற்பகல் உட்கார வையுங்கள். பேச வேண்டாம். நீங்கள் மட்டும் யாராவது ஒரு அம்மாவின் பின்னால் அவர் போகிற இடமெல்லாம் போய் வாருங்கள். அந்த அம்மா தவறாக நினைக்காதபடி முதலிலேயே சொல்லிவிட்டுப் போங்கள், பையை வாங்கிக்கொள்ளுங்கள்.

அசல் சான்றிதழ்களை மட்டும் யாரிடமும் கொடுக்காதீர்கள். கல்வி நிறுவனங்கள் அவற்றை வாங்கி வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-இல் அறிவித்திருக்கிறது. சரிபார்க்கக் கேட்டால் எதிரில் உட்கார்ந்து காட்டிவிட்டு, கையோடு வாங்கிக்கொண்டு வாருங்கள்.