செட்டிநாட்டு வீட்டுத் தோட்டத்தில் நீரூற்று கட்டினால் தண்ணீர் வீணாகுமா?

காரைக்குடிப் பக்கம் வீடு, பின்னால் தோட்டம், ஆத்தங்குடி டைல்ஸ் பதித்து ஒரு நீரூற்று கட்ட ஆசை, ஆனால் தண்ணீர் வீணாகும் என்று வீட்டில் தடுக்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகக் கட்டுங்கள். இதே பேச்சை என் பங்காளிகள் அத்தனை பேரிடமும் கேட்டுவிட்டுத்தான் நானும் கட்டினேன்.

எங்கள் பெரிய வீட்டுப் பின்கட்டில் ஒரு கல்தொட்டி கிடந்தது. அப்பத்தா காலத்தில் மாட்டுக்குக் கழுநீர் ஊற்றிய தொட்டி. அதைப் பழம்பொருள் கடைக்குத் தள்ளிவிடலாம் என்று பேச்சு வந்தபோது எனக்கு வேண்டும் என்று கேட்டு வாங்கிவந்தேன். தோட்டத்தில் குழி வெட்டி 200 லிட்டர் பிளாஸ்டிக் டிரம் ஒன்றை இறக்கி, சுற்றிலும் சிமெண்ட் பூசி டிரம் பக்கமாக வாட்டம் வைத்தோம். டிரம் வாயில் கொசுவலை, அதன் மேல் கம்பி வலை, அதன் மேல் கூழாங்கல். தொட்டியின் பாரம் டிரம்மில் இறங்காமல் இரண்டு பக்கமும் செங்கல் கட்டி அதில் உட்காரவைத்தோம். டிரம்முக்குள் இருக்கும் மோட்டார் தள்ள, தொட்டி அடியில் போட்ட துளை வழியாகத் தண்ணீர் ஏறி, விளிம்பு வழிந்து, கூழாங்கல்லில் விழுந்து மறுபடி டிரம்முக்கே போய்விடும். சுற்றுவது அதே தண்ணீர்தான். சித்திரை வெயிலில்கூட நாளைக்கு ஒரு குடத்துக்கு மேல் நான் ஊற்றியதில்லை.

தொட்டி விளிம்பு மட்டமாக உட்காருவதில்தான் எல்லாமே இருக்கிறது. எங்கள் கொத்தனார் டியூப் லெவலை, அதாவது மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயை, நான்கு மூலையிலும் பிடித்துப் பார்த்து, சல்லியைச் சொருகி, எடுத்து, மறுபடி சொருகினார். "நூலளவு தப்புனாலும் தண்ணி ஒரே பக்கமா ஓடிரும்ணே" என்றார். சாயங்காலம் மோட்டார் போட்டபோது நான்கு பக்கமும் ஒரே சீராக வழிந்தது. அதைப் பார்த்த சந்தோஷம் இன்னும் எனக்குக் குறையவில்லை.

மோட்டார் வாங்கும்போது பெட்டியில் போட்டிருக்கும் அதிகபட்ச உயரத்தை நம்பாதீர்கள். அந்த உயரத்தில் தண்ணீர் வரத்து பூஜ்ஜியம். உங்களுக்கு ஒரு மீட்டர் ஏற வேண்டுமென்றால் இரண்டு, மூன்று மீட்டர் போட்டதாக எடுங்கள். என்னுடையது 40 வாட். தினம் 5 மணி நேரம் ஓடினால் மாதம் 6 யூனிட். மின்கசிவு வந்தால் உடனே கரண்டைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி இல்லாமல் மட்டும் லைன் கொடுக்காதீர்கள். நிறுத்தியதும் தொட்டித் தண்ணீர் மோட்டார் வழியாகவே கீழே இறங்கிவிடும், அதையும் தாங்கும் அளவுக்கு டிரம்மில் இடம் விடுங்கள். தொட்டி காலியானால் கொசுவும் வராது. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும் என்பதால் இதில் அசட்டை கூடாது.

ஆத்தங்குடி டைல்ஸ் தண்ணீருக்குள் வேண்டாம். ஆத்தங்குடிக்காரர்கள் கோபிக்க வேண்டாம், எங்கள் வளவு, அதாவது முற்றத்தைச் சுற்றிய உள்கட்டு, முழுக்க அதுதான். ஆனால் அது சிமெண்ட், தண்ணீரை உறிஞ்சும். உப்புப் படிந்தால் ஆசிட்டோ எலுமிச்சையோ போட்டுத் தேய்க்கவும் முடியாது, பூ வேலை அரித்துவிடும். போர் தண்ணீர் ஊற்றினால் உப்புப் படிவது நிச்சயம். ஆவியாவது தண்ணீர் மட்டும்தானே, உப்பு அங்கேயே தங்கி மோட்டார் விசிறியில் வெள்ளையாகக் கெட்டிப்படும். நான் கூரை மழைத்தண்ணீரைத்தான் பிடித்து வைத்து ஊற்றுகிறேன். வளவுக் கூரையிலிருந்து அண்டாவில் மழை பிடித்த ஊருக்கு இது புதிதா என்ன?

வீண் என்பவர்களுக்கு ஒன்று. குடிக்கிற ஊருணியில் யாரும் கால் நனைக்கக்கூடாது என்று கட்டுப்பாடு வைத்திருந்த ஊர்கள் இவை. 2003-இல் மழைநீர் சேகரிப்பைச் சட்டமாக்கியே ஆகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஊருணிக்கு மழைத்தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்காலை மூடிப் பிளாட் போட்டபோது ஒருவரும் வாய் திறக்கவில்லை. மழை பெய்தாலும் தண்ணீர் வந்து சேர வழியில்லை. அதைப் பேசாதவர்கள் என் ஒரு குடத்துக்குக் கணக்குக் கேட்கிறார்கள். வயிறு எரிகிறது.

சரி, உங்கள் விஷயம். குழி வேலையைப் புரட்டாசிக்குள் முடித்து டிரம்மை நிரப்பிவிடுங்கள். ஐப்பசி மழையில் மண் ஊறும்போது காலி டிரம் இருந்தால் மிதந்து மேலே வந்துவிடும், பூச்சும் சேர்ந்து உடையும்.