மரபணுப் பரிசோதனைக்கு முன் வீட்டிலேயே ஒரு வாரம் இரத்த அழுத்தத்தை அளந்து பாருங்கள்

அன்புள்ள சகோதரருக்கு வணக்கம். அப்பாவுக்கும் அண்ணனுக்கும் உடல் பருமனும் இரத்த அழுத்தமும் இருக்க, 34 வயதில் உங்களுக்கும் பட்டர்வொர்த் மருந்துக்கடையில் 146/94 காட்டியதால், மரபணுப் பரிசோதனைக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு வேண்டாம் என்பதே என் கருத்து.

பருமனோடு தொடர்புடையதாக 2007இல் கண்டறியப்பட்ட எஃப்டிஓ மரபணு மாற்றத்தைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெற்றவர்கள்கூட, பெறாதவர்களைவிடச் சராசரியாக ஏறத்தாழ 3 கிலோதான் கூடுதலாக இருக்கிறார்கள். உடலுழைப்பு உள்ளவர்களிடம் அதன் தாக்கம் இன்னும் குறைகிறது. இரத்த அழுத்தத்திலோ நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிதளவே பங்களிக்கின்றன. மிக இளவயதில் கடுமையான அழுத்தம், இரத்தத்தில் பொட்டாசியக் குறைவு போன்றவை இருந்தால் அரிய பரம்பரை நோய்களை மருத்துவர் சந்தேகிப்பார்.

என் அப்பாவுக்கும் அழுத்தம் உண்டு. பினாங்கில் நாசி கண்டார் (பலவகைக் கறிக்குழம்புகளோடு தரும் சோறு) வாங்கினால் சோறு மூழ்கும்வரை குழம்பு ஊற்றச் சொல்வார். பிள்ளைகள் நாங்களும் அப்படியே சாப்பிட்டு வளர்ந்தோம். அந்தக் குழம்பின் உப்பை யாரும் கணக்கில் எடுத்ததில்லை. ஒரே வீட்டில் வளர்ந்தவர்களிடம் மரபணுவையும் பழக்கத்தையும் பிரித்தறிவது கடினம்.

மேற்கைக்கான அழுத்தமானி ஒன்றை வாங்கி, ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்த பிறகு, காலையும் மாலையும் இரண்டிரண்டு முறை அளந்து ஏழு நாள் குறித்து வையுங்கள். முதல் நாளை விட்டுவிட்டுப் பார்த்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் இருந்தால், அந்தத் தாளோடும் குடும்ப விவரத்தோடும் அருகிலுள்ள அரசு கிளினிக்குக்கு உடனே செல்லுங்கள். இடுப்புச் சுற்றளவையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நம் போன்ற ஆசிய ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரே எல்லை.