ஸ்டார்ச்சை வெட்டும் என்சைமான அமைலேஸ் 60 டிகிரியில்தான் அதிகமாக வேலை செய்கிறது. ஆனால் அதே 60-ல் ஒரு மணி நேரம் வைத்து அளந்தால் ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. என் சோதனை தவறா?

தவறில்லை. இரண்டு ரீடிங்கும் சரி. இந்த ஒரு வரியை எனக்கு அன்றைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்காது.

நீங்கள் எம்.எஸ்சி. கடைசி செமஸ்டர் என்று நினைக்கிறேன். ப்ராஜெக்ட் கொடுக்க நாள் நெருங்கியிருக்கும். "ரெண்டுல ஒண்ணு தப்பு, எதுன்னு பார்த்து எடுத்துடு" என்று கைடு சொல்லியிருப்பார். அப்படி இல்லையென்றால் மன்னியுங்கள். நான் அப்படித்தான் மாட்டிக்கொண்டு நின்றேன்.

எனக்குப் புதுவயல். அப்பாவுக்கு அரிசி ஆலையில் வேலை. காரைக்குடிப் பக்கம் ஒரு கல்லூரியில் உயிர்வேதியியல் படித்தேன். கல்லூரிப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு நல்லது செய்தவர்களும் இருந்தார்கள். முளைகட்டிய கேழ்வரகிலிருந்து அமைலேஸ் எடுப்பது என் ப்ராஜெக்ட். தலைப்பை நானே கேட்டு வாங்கினேன். அக்கா பிள்ளைக்கு அப்பத்தா கூழ் காய்ச்சும்போது, கெட்டியாக இருக்கிற கூழில் முளைகட்டிய கேழ்வரகு மாவை ஒரு கரண்டி கலப்பார். கொஞ்ச நேரத்தில் கூழ் இளகி, பிள்ளை குடிக்கிற பதத்துக்கு வந்துவிடும். "கொதிக்கக் கொதிக்கப் போட்றாத ஆத்தா, செத்த ஆறட்டும்" என்பார். மாவில் இருக்கிற அமைலேஸ் ஸ்டார்ச்சை வெட்டுகிறது என்று படித்தபோது எனக்கு அந்தக் கூழ்ச் சட்டிதான் ஞாபகம் வந்தது.

முதல் ஒரு மாதம் வீணாய்ப் போனது. முளைவிட்ட தானியத்தில் ஏற்கெனவே சர்க்கரை நிறைய இருக்கும். சர்க்கரையை அளக்க ஊற்றுகிற டி.என்.எஸ். கரைசல் அந்தச் சர்க்கரைக்கும் சேர்த்தே சிவக்கும். என்சைம் ஊற்றுவதற்கு முன்னாலேயே டி.என்.எஸ். ஊற்றி ஒரு ப்ளாங்க் (என்சைம் வேலை செய்யாத ஒப்பீட்டுக் குழாய்) வைக்க வேண்டும் என்பதை ஒரு சீனியர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். நீங்கள் அதை வைக்கவில்லையென்றால் இன்றைக்கே வையுங்கள்.

பிறகு 30 முதல் 80 வரை பத்துப் பத்து டிகிரியாக ஏற்றிப் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் பத்து நிமிடம். டி.என்.எஸ். ஊற்றி நிறுத்தி, கொதிநீரில் ஐந்து நிமிடம் வைத்து, ஆறியதும் ஸ்பெக்ட்ரோவில் (நிறத்தின் அடர்த்தியை அளக்கும் கருவி) 540 நானோமீட்டரில் ரீடிங். 60-ல் உச்சம். அழகான மலை மாதிரி வரைபடம். கைடுக்கு ரொம்பச் சந்தோஷம்.

அடுத்து நிலைப்புத்தன்மை. ஸ்டார்ச் இல்லாமல் என்சைமை மட்டும் 60-ல் வைத்து, நேரத்துக்கு நேரம் கொஞ்சம் எடுத்து ஐஸில் போட்டு, பிறகு எல்லாவற்றையும் 40-ல் அளந்தேன். கால் மணியிலேயே பாதி போயிருந்தது. ஒரு மணி நேரத்தில் உங்களுக்கு வந்த அதே கதை. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதுதான். கைடு நோட்டைப் பார்த்துவிட்டு, "60-ல நல்லா வேலை செய்யுதுன்னு முன் பக்கத்துல எழுதியிருக்க, அதே 60-ல சாகுதுன்னு பின் பக்கத்துல எழுதுவியா? இது பைப்பெட் பிழை" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பக்கத்தை எடுத்துவிட்டுத்தான் பைண்டிங்குக்குக் கொடுத்தேன்.

வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) வெளியிலிருந்து வந்தவர் மலை வரைபடத்தைப் பார்த்தார். ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "60 சரிம்மா, எத்தனை நிமிஷத்துக்கு 60?"

அவர் கேட்டதற்கான விடை என் நோட்டில் இருந்தது, ப்ராஜெக்டில் இல்லை. கைடு பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். நான் வாயே திறக்கவில்லை. மதிப்பெண் போனதைவிட, மூன்று முறை என் கையால் அளந்ததை நானே நம்பாமல் விட்டதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று மதியம் வைவாவுக்கு வந்தவர் "செட்டிநாட்டுக்கு வந்துட்டு இதுகூட இல்லன்னா எப்படி" என்று கோழி வறுவலைப் பற்றித்தான் பேசினார். நல்ல மனிதர், தவறாகச் சொல்லவில்லை. ஆனால் எனக்கு இதில் வெகுநாள் மனக்குறை உண்டு. எங்கள் ஊர்ப் பேரைச் சொன்னால் மிளகுக் கோழி, ஆத்தங்குடிக் கல், சினிமாவுக்கு வாடகைக்கு விடுகிற வீடு, அதோடு முடித்துவிடுகிறார்கள். காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948-ல் நேரு அடிக்கல் நாட்டினார், 1953 ஜனவரி 14-ல் ராதாகிருஷ்ணன் திறந்து வைத்தார். எங்கள் வீட்டிலிருந்து பஸ் ஏறினால் போய்விடுகிற தூரம். பள்ளிக்கூடக் காலத்தில் எங்களை ஒரு நாளாவது அங்கே கூட்டிப்போகலாம் என்று யாருக்கும் தோன்றவில்லை. சுற்றுலா என்றால் அரண்மனைதான். சரி, உங்கள் கேள்விக்கு வருகிறேன்.

சூடு ஏற ஏற இரண்டு காரியம் சேர்ந்து நடக்கிறது. வெட்டும் வேகம் கூடுகிறது, தோராயமாகப் பத்து டிகிரிக்கு இரண்டு மடங்கு. கூடவே புரதத்தின் மடிப்பு அவிழ்ந்து என்சைம் சாகவும் தொடங்குகிறது. எது ஜெயிக்கிறது என்பது நீங்கள் எத்தனை நிமிடம் காத்திருக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 60-ல் என்சைம் பாதியாகக் குறைய 15 நிமிடம் என்று வைப்போம். ஒரு மணி நேரத்தில் நான்கு முறை பாதியாகும், நூற்றுக்கு ஆறுதான் மிஞ்சும். உங்கள் "ஒன்றுமே இல்லை" இதுதான். ஆனால் பத்து நிமிடச் சோதனையில், சாகவே இல்லையென்றால் வரவேண்டிய சர்க்கரையில் 80 விழுக்காடு வந்துவிடும். 50 டிகிரியில் வேகம் பாதி, ஆனால் சாவு இல்லை என்று கொண்டால் அங்கே அதே அளவில் 50 விழுக்காடு வரும். ஆக 60 ஜெயிக்கிறது. அதே சோதனையை ஒரு மணி நேரம் ஓடவிட்டால் 60 டிகிரியில் 34 விழுக்காடுதான், 50 டிகிரியில் அதே 50 விழுக்காடு. இப்போது உச்சம் 50 டிகிரிக்கு இறங்கிவிட்டது. என்சைம் மாறவில்லை, கடிகாரம்தான் மாறியது.

இதைப் படித்துவிட்டு, ஸ்டார்ச் கூட இருக்கும்போது என்சைம் தாக்குப்பிடிக்குமே, எல்லா என்சைமும் இப்படி ஒரே சீராகச் சாகாதே என்று சிலர் வருவீர்கள். ஒப்புக்கொள்கிறேன். முதுநிலை மாணவருக்கு முதல் படி புரியட்டும் என்றுதான் இப்படி எழுதினேன்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. மிச்சமிருக்கும் செயல்பாட்டின் இயல் மடக்கையை (ln) நேரத்துக்கு எதிராக வரையுங்கள். நேர்கோடு வந்தால் அதன் சாய்வு எண்ணால் 0.693-ஐ வகுங்கள், அரை ஆயுள், அதாவது என்சைம் பாதியாகக் குறைய ஆகும் நேரம், கிடைக்கும். அதை ப்ராஜெக்டில் போடுங்கள். கால்சியம் குளோரைடு சேர்த்தும் ஒரு வரிசை பாருங்கள், ஆல்ஃபா அமைலேஸைக் கால்சியம் தாங்கிப் பிடிக்கும். பாஸ்பேட் பஃபரில் (அமிலத்தன்மை மாறாமல் காக்கும் கரைசல்) மட்டும் சேர்த்துவிடாதீர்கள். வெள்ளையாகப் படிந்து கலங்கி ஸ்பெக்ட்ரோ ரீடிங்கையே கெடுத்துவிடும். அசிடேட் பஃபருக்கு மாறிக்கொள்ளுங்கள். ஸ்டார்ச்சைத் தனியாகச் சூடாக்கி வைத்துக்கொண்டு பிறகு என்சைமை ஊற்றுங்கள், இல்லையென்றால் குழாய் சூடாகிற நேரமும் கணக்கில் சேர்ந்துவிடும். வாட்டர் பாத் முகப்பில் காட்டும் எண்ணை நம்பாமல் உள்ளே ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டர் போட்டுப் பாருங்கள். "அறை வெப்பநிலை" என்று மொட்டையாக எழுதாதீர்கள். மே மாதம் எங்கள் ஊரில் அறை என்பது 25 டிகிரி கிடையாது.

வரைபடத்துக்குக் கீழே "உகந்த வெப்பநிலை 60 டிகிரி (10 நிமிடச் சோதனையில்)" என்று எழுதுங்கள். அதற்கு அடுத்த பக்கத்திலேயே அந்த ஒரு மணி நேர ரீடிங்கை வையுங்கள். கைடு எடுக்கச் சொன்னால் மேலே இருக்கும் கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டுங்கள். அப்படியும் கேட்கவில்லையென்றால் இங்கே பின்னூட்டத்தில் எழுதுங்கள், என் நோட்டில் இருக்கும் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடுகிறேன்.